பொங்கல் பானைக்கு ஈயம் பூசிய கடை

பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் களிம்பு ஏறாமலிருக்க ஈயம் பூச கும்பகோணத்தில் எங்கே போகலாம் என்று இந்த இரண்டு மாதத்தில் நாலைந்து பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக்கதையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கும்பேஸ்வரர் கோயில் பக்கம் பாத்திரக் கடைகள் இருக்கிற இடத்தில் "ஈயம் பூசறவர் எங்கங்க?" என்று கேட்டால் ஒரு சந்துப் பக்கம் கை காட்டுவார்கள். சந்துக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டாம், ஈயம் பிடிக்கத் தூவுகிற நவச்சார உப்பின் வாடையே கூட்டிக்கொண்டு போய்விடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். மேலே தகரம், தரையில் குழி அடுப்பு, பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர், சுவரோரம் யார் யாருடையதோ அண்டாவும் தவலையும் அடுக்கும். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதியிருக்கும். வேலை செய்கிறவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். கூட ஒரு பையன். அவ்வளவுதான் கடை.

நான் கொண்டுபோனது மூன்று பாத்திரம். அம்மாவின் பொங்கல் பானை, ஒரு குழம்புக் குண்டான், ஒரு வெண்கலப் பானை. வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன்னால் மூன்றையும் வீட்டுத் தராசில் வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டேன். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்தவன் நான். ஈரப்பதம் 17 சதவீதமா, சிப்பம் 40 கிலோவா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. எந்தப் பொருள் கை மாறினாலும் போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. அந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கே இந்தப் பாத்திரங்கள்தான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

1979-இல் அக்கா கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் தெருவுக்கு, பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு எவர்சில்வர் சாமான் கொடுக்கிற எவர்சில்வர்காரர் வந்தார். அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லா பூராவும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறாது, கண்ணாடி மாதிரி இருக்கும். எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் ஆசை வராது? காலையும் மாலையும் திண்ணை நிறையப் பாத்திரத்தைப் போட்டுக்கொண்டு குந்தித் தேய்த்தவர் அம்மா. அவர் ஆசைப்பட்டதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஜோடுதவலை, சருவம், இரண்டு அடுக்கு, அப்பாயியின் கூஜா எல்லாம் போயிற்று. எவர்சில்வர்காரர் தூக்குத் தராசில் மாட்டிப் பதினோரு கிலோ என்றார். எட்டு எவர்சில்வர் சாமான் கொடுத்தார். சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து ஜோடுதவலை மட்டுமே ஆறு கிலோ இருக்குமே என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அந்தப் புது எவர்சில்வர் குண்டானில் வைத்த குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று. அன்றைக்கு அம்மா அழுதார். குழம்புக்காக அழவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

பொங்கல் பானை தப்பித்தது பரணில் இருந்ததால். உள்ளே விதை உளுந்து போட்டு, வாயைத் துணியால் கட்டி, சாணி மெழுகி வைத்திருந்தார்கள். எவர்சில்வர்காரர் வந்த அன்று யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. குண்டான் அடுப்பில் இருந்தது. வெண்கலப் பானையை அப்பாயி மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படி மிஞ்சியவைதான் இந்த மூன்றும்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால், நாலு வருஷத்துக்கு முன்பு, வேறோர் ஊரில் வேறோர் இடத்தில் இதே குண்டானுக்கு ஈயம் பூசினேன். பெயர் வேண்டாம். பூசிக் கொடுத்தபோது பளபளவென்றுதான் இருந்தது. இரண்டு மாதத்தில் உள்ளே கருத்துவிட்டது. வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், பென்சில் கோடு மாதிரி இழுத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது வெள்ளீயம் (டின்) இல்லை, காரீயம் (லெட்) கலந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கிற ஈயக்கம்பி இருக்கிறதே, அந்தச் சரக்கு. விலை குறைவு, சீக்கிரம் உருகும், பூசுவதும் சுலபம். ஆனால் காரீயம் விஷம். புளியிலும் தயிரிலும் கரைந்து சாப்பாட்டோடு உள்ளே போகும், அதிலும் குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். அந்தக் கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தக் குண்டானில் இரண்டு தடவை புளிக்குழம்பு வைத்திருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது. அன்றைக்கே குண்டானைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். ஈயம் பூசுகிற இடத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், என்ன ஈயம் என்று கேளுங்கள்.

இந்தக் கடைக்கு நான் முதலில் போனது கார்த்திகை கடைசியில். அடைமழை. கடை மூடியிருந்தது. மழை பெய்தால் கரி பிடிக்காது, தகரம் ஒழுகும், அதனால் திறப்பதில்லையாம். பக்கத்தில் பூக்கட்டும் அம்மா சொன்னார். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வழியில்லை, கடை போன் நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை. மூன்று பாத்திரத்தையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். மார்கழி பிறந்து நாலு நாள் கழித்து மறுபடி போனேன்.

அவர் பாத்திரங்களை வாங்கி ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். பொங்கல் பானை 'டொங்' என்று சொல்லி நின்றது. வெண்கலப் பானையைச் சுண்டியதும் கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி நாதம் இழுத்துக்கொண்டே போயிற்று. "இது வெண்கலம்ங்கய்யா. இதுக்கு ஈயம் வேண்டாம். இதுலயே ஈயம் கலந்துதான் வார்த்திருக்காங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி புளி போட்டுத் தேய்ச்சாப் போதும், காசை வீணாக்காதீங்க" என்று தனியாக எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்தார். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. இது படித்த எனக்கும் தெரியும்தான். ஆனாலும் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அந்த இடத்திலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதிப் பாதி அடுத்த நிமிஷம் வந்தது. குண்டானுக்கு நேர்ந்ததைச் சொல்லி, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஈயத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்டுவிரல் கனத்தில் ஒரு ஈயக்குச்சியை எடுத்து என் காதுப் பக்கத்தில் பிடித்து மெல்ல வளைத்தார். 'கறுக் கறுக்' என்று, யாரோ பல்லைக் கடிப்பது போல அது சத்தம் போட்டது. "சுத்த வெள்ளீயம் வளைச்சா அழும்ங்கய்யா. காரீயம் அழாது, சும்மா வளையும்" என்றார். என்னையும் ஒருமுறை வளைக்கச் சொன்னார். கையிலும் அந்த அதிர்வு தெரிந்தது. அப்புறம் குச்சியைக் காகிதத்தில் இழுத்துக் காட்டினார், கோடு விழவில்லை. நீங்கள் போனாலும் கேளுங்கள், காட்டுவார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம்.

எங்கள் ஊருக்கு மார்கழியில் ஈயக்காரர் வருவார். "ஈயம் பூசறதேஏஏய்" என்று கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு, மேலத்தெரு முனையில் குரல் கேட்கும்போதே நாங்கள் பள்ளிக்கூடத்துப் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஓடுவோம். குளத்தங்கரைப் பூவரச மரத்தடியில்தான் உட்காருவார். முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, துருத்தியின் மூக்கை மண்ணுக்குள் புதைத்து, மேலே கரியைக் கொட்டுவார். ஆட்டுத்தோல் துருத்தி. அதை ஊத ஒரு ஆள் வேண்டும். அவர் மகன் பாத்திரத்துக்குள் இறங்கி நின்று மணலும் புளியுமாக மிதித்துக்கொண்டிருப்பான். இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பி, ராட்டினம் மாதிரி. அதனால் துருத்தி ஊதுகிற வேலை ஊர்ப் பையன்களுக்கு வரும். எனக்கு எட்டு வயதிலிருந்து அது கிடைத்தது. தோல் வாயை விரித்துத் தூக்க வேண்டும், மூடி அமுக்க வேண்டும். தாளம் தப்பினால் நெருப்பு தணிந்துவிடும், அவர் திரும்பிப் பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

கூலி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நெல்லாகப் போகும். பெரிய அண்டாவுக்கு ஒரு மரக்கால், சின்னச் சாமான்களுக்குப் படிக்கணக்கு. எங்களுக்குக் கூலி சாயங்காலம் குழியைச் சுற்றிக் கிடக்கிற ஈயத்துளிகள். சூடாக இருக்கும்போது பாத்திரத்திலிருந்து வழித்து உதறியவை, மண்ணில் விழுந்து பொட்டுப் பொட்டாக உறைந்திருக்கும். பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டாங்கச்சியில் போட்டுப் பல்லில் கடித்துப் பார்ப்போம். யாருடையது அழுகிறது என்று போட்டி. அழுவது அவர் ஈயக்குச்சியை வளைக்கும்போதுதான் சரியாகக் கேட்கும். அதற்காகவே "இன்னொரு தடவ வளைங்க" என்று கெஞ்சுவோம்.

கும்பகோணத்துக் கடைக்காரரின் அப்பாவும் இப்படி ஊர் ஊராகப் போனவர்தானாம். வலங்கைமான் பக்கம் வந்திருக்கிறாரா என்று ஆவலாகக் கேட்டேன். இல்லை, அவர்கள் திருப்பனந்தாள், அணைக்கரைப் பக்கம் போனவர்கள். எங்கள் ஈயக்காரர் வேறு யாரோ. அவர் எந்த ஊர், பெயர் என்ன என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். விட்டுவிட்டுப் போனால் நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் இருந்து பார்க்கிறேன் என்றேன். காலை பத்தரைக்கு உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். வேலையை அவர் செய்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பூச்சு எது என்பது பார்த்தால்தான் புரியும்.

முதலில் பையன் பாத்திரத்தை ஆசிட் கலந்த தண்ணீரில் அலசி, செங்கல் தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்தான். இப்போது யாரும் உள்ளே இறங்கி மிதிப்பதில்லை. களிம்பும் கருப்பும் போய்ப் பானையின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக, குழந்தையின் உள்ளங்கை மாதிரி வந்தது. குண்டானில் இருந்த காரீயப் பூச்சை அவரே நெருப்பில் காட்டித் துணியால் வழித்து எடுத்தார். ஒருமுறை போதாது என்று மூன்று முறை. வழித்த துணியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். இங்கே நான் எடை பார்க்கச் சொன்னேன். அவரிடம் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. பானை 3 கிலோ 405 கிராம்.

பிறகு அடுப்பு. சவுக்குக் கரி. துருத்திக்குப் பதில் சின்ன மோட்டார் புளோயர், காலால் பொத்தானை அமுக்குகிறார். பானையை இடுக்கியால் பிடித்துக் கனலின் மேல் சாய்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்திலும் நிற்க விடவில்லை. சூடு பதமாயிற்றா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நெறம் மாறும்ங்கய்யா, பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை உள்ளே தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பியது. மூக்கைத் துளைத்துக்கொண்டு தொண்டைக்குள் போகிற அந்தக் காரம்! அந்தப் புகையில் தாமதிக்காமல் ஈயக்குச்சியைப் பானையின் அடியில் தொட்டு ஒரு கோடு இழுத்தார். தொட்ட இடத்தில் அது தண்ணீராயிற்று. உடனே கையில் இருந்த பஞ்சால் ஒரு சுழற்று. எண்ணெய் தேய்க்கிற மாதிரிக் கிடையாது, கோலத்தில் கம்பி இழுக்கிற மாதிரி, அடியிலிருந்து வளைந்து வளைந்து வாய்க்கு ஏறுகிற ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு போகிற வழியெல்லாம் செம்மண் நிறம் மறைந்து நிலா வெளிச்சம் மாதிரி ஒன்று பின்னாலேயே ஓடிவந்தது. பஞ்சுக்கும் நெருப்பாய்க் காய்கிற பித்தளைக்கும் நடுவில் அவர் விரலுக்கு எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும்? அரை விரற்கடை. ஒரு மூச்சு நேரம்தான், முடிந்துவிட்டது. கழுத்தின் உள்வளைவில் ஒரு சின்னப் புள்ளி, உளுந்து அளவு, ஈயம் பிடிக்காமல் நின்றது. நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். மறுபடி சூடேற்றி, மறுபடி நவச்சாரம், மறுபடி ஒரு தொடுதல். அப்புறம் தொட்டித் தண்ணீரில் இறக்கினார். 'சுர்ர்ர்' என்று அது அடங்கியது.

மறுபடி எடை: 3 கிலோ 445. ஆக ஒரு பானையின் உள்பக்கம் முழுவதையும் நாற்பது கிராம் ஈயம் மூடிவிடுகிறது. இதைத்தான் நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பானைக்கு 550 ரூபாய், குண்டானுக்கு 350. குண்டானில் பழைய பூச்சை எடுத்த வேலைக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. முன்பு கெட்டுப்போன இடத்தில் நான் கொடுத்தது இதில் பாதிதான். வெள்ளீயம் விற்கிற விலையில் பாதிக் காசுக்கு நல்ல பூச்சு வராது. வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்த்ததற்கும் ஈயத்தை அழவைத்துக் காட்டியதற்கும் அவர் காசு வாங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒடுக்கு எடுப்பதும் அங்கேயே செய்கிறார். பானையின் வயிற்றில் ஒரு பெரிய ஒடுக்கு இருந்தது. மரச் சுத்தியலை எடுத்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒடுக்குக்கு மேலேயே அம்மாவின் பெயரும் '7-9-52' என்ற தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். தேய்த்த பிறகுதான் எழுத்து முழுசாகத் தெரிந்தது. நான் அதுவரை தேதியில் 9 இருப்பதையே கண்டதில்லை, புளியும் அழுக்கும் அடைத்து 0 போலத்தான் இருக்கும். "அடிச்சா ஒடுக்கு வந்துரும், ஆனா எழுத்து செதஞ்சுரும். என்ன செய்யட்டும்ங்கய்யா?" என்று கேட்டார். விட்டுவிடச் சொன்னேன். கேட்காமலேயே தட்டி நேராக்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. உட்கார இடம் கிடையாது. எனக்கு ஒரு கவிழ்த்த அண்டாவைக் காட்டினார், அதில்தான் நாலரை மணி நேரம் உட்கார்ந்தேன். இடுப்பு வலி இருக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போய் அப்புறம் வாங்கிக்கொள்வதே நல்லது. புகைக்குப் போக்கு சரியாக இல்லை. வீசிங் இருக்கிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் உள்ளே போகவே வேண்டாம், வாசலில் நின்று கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பையன் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அந்தப் புகையிலேயே நிற்கிறான். அதை நான் அவரிடம் சொன்னேன். "துண்டு வாங்கிக் கொடுத்தேன், கட்டமாட்டேங்கிறான்" என்றார். இரண்டாம் முறை பாத்திரம் கொண்டுபோகும்போது நாலு முகக்கவசம் வாங்கிக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன். ரசீது கிடையாது. தேதி சொன்னால் அந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், பொங்கலுக்கு முந்தின பத்து நாள் கூட்டம் தாங்காது. ஆடி, ஆவணியில் கொடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

வாங்கிக்கொண்டு வந்த பிறகு செய்ய வேண்டியது நம் கையில். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்பில் தண்ணீரோ பாலோ இல்லாமல் வெறும் பாத்திரத்தை வைத்தால் தீர்ந்தது கதை. இது எனக்கு ஒன்பது வயதில் தெரிந்தது. அம்மா வயலுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வெந்நீர் போட்டு வைக்கலாம் என்று, அன்றைக்குத்தான் ஈயம் பூசி வந்த குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் மொள்ளக் கிணற்றடிக்குப் போனேன். விறகு அடுப்பு, சவுக்கு மிலார் கொழுந்துவிட்டு எரிந்தது. வாளியோடு திரும்பி வந்து பார்த்தால் குண்டானின் அடியில் பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் பித்தளை திட்டுத் திட்டாக மஞ்சளாய்த் தெரிகிறது. நான் அப்படியே வாளியைப் போட்டுவிட்டு அப்பாயியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றேன். அம்மா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. ஈயக்காரர் இன்னும் கீழத்தெருவில்தான் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, சேறு காயாத காலோடு குண்டானைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் மறுபடி பூசிக் கொடுத்து, "புள்ள ரெண்டு நாளா துருத்தி ஊதிருக்கான், கணக்கு சரியாப் போச்சும்மா" என்று நெல் வாங்க மறுத்துவிட்டார்.

அதனால்: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு. தாளிப்பதைத் தனியாக இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். பொரிக்க, வறுக்க இந்தப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் கரண்டியால் சுரண்டாதீர்கள், மர அகப்பையோ கொட்டாங்கச்சி அகப்பையோ போடுங்கள். உள்ளே கம்பி நார் படவே கூடாது, சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் போதும். புளி போட்டுத் தேய்ப்பது வெளிப்பக்கத்துக்கு மட்டும். கரண்ட் அடுப்பில் வைக்கலாமா என்று என் மருமகள் கேட்டார். இன்டக்‌ஷனில் பித்தளை சூடேறாது, கேஸ்தான், அதையும் சின்னதாக வைக்க வேண்டும். தினம் புழங்கினால் ஒரு வருஷம் ஓடும், அப்புறம் உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் மறுபடி கொண்டுபோக வேண்டும். மஞ்சள் தெரிந்த பிறகு அதில் புளி ஊற்றாதீர்கள்.

குண்டானில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் குழம்பு வைக்கிறோம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, மறுநாள் சுண்டவைத்தாலும் நிறம் கருக்கவில்லை, கசக்கவில்லை. வெள்ளைக் காகிதச் சோதனையை நானே மாதம் ஒருமுறை செய்கிறேன். கோடு இல்லை.

பொங்கலன்று வாசலில் மூன்று கல் கூட்டி அந்தப் பானையை ஏற்றினோம். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியது என் மனைவி. ஒரு படி பச்சரிசி. பால் பொங்கி ஏறும்போது பானையின் உள்பக்கத்துக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எங்கே பால் முடிகிறது எங்கே ஈயம் ஆரம்பிக்கிறது என்று பேத்தி குனிந்து குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் எவர்சில்வர் பானையில்தான் பொங்கினோம். இந்தப் பானை பொங்கியதைக் கடைசியாகப் பார்த்தது அம்மா இருந்தபோது.

காணும் பொங்கலுக்கு அக்கா வந்தார். எழுபத்தோரு வயது, முட்டி வலி, கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பானையைக் கழுவிக் கூடத்து ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், மெல்லக் குனிந்து அதைத் திருப்பினார். சுவர்ப்பக்கம் இருந்த ஒடுக்கு இந்தப் பக்கம் வந்தது.

"இன்னமும் இதைச் சொவத்துப் பக்கமாத்தான் வச்சிருக்க" என்றார்.

அந்த ஒடுக்கு அக்கா போட்டது. போகிக்கு முதல் நாள் குடமுருட்டிப் படித்துறையில் பானையை விளக்கும்போது கை நழுவி, நாலு படி உருண்டு, ஆற்றில் விழப்போனதை நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தேன். அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அதை ஒடுக்குப் பக்கம் சுவரைப் பார்க்க வைத்துவருகிறோம். இந்தத் தடவை நான் தெரிந்து வைக்கவில்லை, கை தானாக அப்படி வைத்திருக்கிறது.

"கடைக்காரர் எடுத்துத் தரேன்னுதான் சொன்னாரு, எழுத்து போயிரும்னு நான்தான் விடச் சொன்னேன்" என்றேன்.

"நல்லவேளை" என்றார் அக்கா. ஒடுக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியும்டா. நான் கல்யாணமாகிப் போறப்ப, பானையத் திருப்பி வைக்கட்டுமான்னு கேட்டுச்சு" என்றார்.

மாசியில் அக்காவின் அண்டாவையும் கொண்டுபோகப் போகிறேன். அது ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது, எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.